ராய் என்று பதிவான நாய்

1964 மார்ச் 3, செவ்வாய்

மூன்று நாளாகப் பனிக்கடல் தாண்டி வரும் தெற்குக் காற்று. எலும்பு வரை குளிர். நாய்களுக்காகக் கிழட்டுச் செம்மறி ஒன்றை அறுத்தேன். ஈரலைக் கையில் எடுத்தால் கோலிக்குண்டு கோலிக்குண்டாக நீர்க்கட்டி. ஈரலில் ஐந்து, நுரையீரலில் இரண்டு. வாளியோடு கொண்டுபோய்ப் பீப்பாயில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். நாய்கள் ஆறும் சங்கிலி இழுபட நின்று, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பதுபோலப் பார்த்தன. கறியை மட்டும் முக்கால் மணி நேரம் வேகவைத்துப் போட்டேன். இந்த வீட்டில் எனக்காக எதுவும் அவ்வளவு நேரம் வெந்ததில்லை.

தபாலில் அட்டை வந்திருக்கிறது. ‘மன்ரோ, எஃபி. நாய்கள் ஆறு. மார்ச் 12 வியாழன், மருந்துத் திடலுக்குக் கொண்டுவரவும்.’

ஆடு ஓட்டும் நாய்களுக்கான மாவட்டப் போட்டி 14ஆம் தேதி சனிக்கிழமை. நாள் பார்த்துத்தான் குறித்திருக்கிறார்கள்!

புழு மருந்து குடித்த அரை மணியில் நாயின் குடலில் உள்ளது எல்லாம் வெளியே வந்துவிடும். மற்ற நாய்கள் சாயங்காலமே வாலாட்டும். போட்டியில் நான் இறக்கும் ராய்க்குக் குடல் பலவீனம். போன தடவை நான்கு நாள் படுத்தபடுக்கை. அந்த நிலையில் சனிக்கிழமை களத்தில் இறக்கினால் ஆடுகள் அவனிடம் நலம் விசாரித்துவிட்டுப் போகும்.

மார்ச் 5

ஊர் மண்டபத்தில் நார்மன் டல்லக்கின் பேச்சு. நார்மன் எங்கள் பள்ளத்தாக்கின் நீர்க்கட்டி ஒழிப்புக் குழுத் தலைவன். பக்கத்துப் பண்ணைக்காரன். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்து என் கணக்கைப் பார்த்து எழுதியவன்.

நான்காவது வருடமாக அதே படம் மாட்டினான். நாயின் குடலில் நாடாப்புழு. அதன் முட்டை நாயின் கழிவோடு புல்லில். புல்லோடு ஆட்டின் வயிற்றில். ஆட்டின் ஈரலில் நீர்க்கட்டி. அந்த ஈரலைத் தின்ற நாயின் குடலில் மறுபடி புழு. வட்டத்தில் மனிதனுக்கு இடமில்லை. ஆனால் நாயைத் தடவிய கையோடு ரொட்டி தின்றவனுக்கு, ஆட்டுக்கு வந்ததே வரும். எல்லாம் சரிதான். படத்தில் இருந்த நாய்தான் பன்றி மாதிரி இருந்தது.

“என் பண்ணையில, அறுத்த ஆட்டோட ஈரல் குடலெல்லாம் போடற கழிவுக் குழிக்கு சிமெண்ட் மூடி போட்ருக்கேன். ரெண்டு ஆள் சேந்து தூக்கினாத்தான் அசையும். நாயென்ன, கரடி வந்தாலும் தொறக்க முடியாது!”

“நம்ம நாட்டுல ஏதுப்பா கரடி?” என்றது பின்வரிசை.

நார்மனின் நாய்களுக்கு ஜனவரியிலேயே மருந்து கொடுத்தாகிவிட்டது. எல்லாம் சுத்தம். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறானாம்.

மார்ச் 8, ஞாயிறு

கோவிலில் பிரசங்கத்தின்போது ஒரு யோசனை வந்தது. இடம் பொருத்தமில்லைதான்.

ராயும் நார்மனின் ஸ்வீப்பும் ஒரே ஈற்றுக் குட்டிகள். இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் கழுத்தில் வெள்ளை. ஸ்வீப்புக்குப் பின்னங்காலில் ஒரு விரல் வெள்ளை, அவ்வளவுதான். அவன் சுத்தமான நாய் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது. என் ராயும் சுத்தம், ஒரு துண்டு பச்சை ஈரல் கண்டதில்லை. ஒரு சுத்தமான நாய்க்குப் பதில் இன்னொரு சுத்தமான நாய் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

மருந்து குடிக்காத நாய் களத்தில் இறங்கக் கூடாது என்று விதி. தெரியும். எங்கள் சங்கத்தில் நாய் ஓட்டும் பெண் நான் ஒருத்திதான். பதினொரு வருடம், மூன்று முறை இரண்டாமிடம். ஒவ்வொரு முறையும் எவனாவது வந்து, “பொம்பளைக்கு இதுவே பெருசு எஃபி” என்று முதுகில் தட்டுவான். ராய்க்கு எட்டு வயது முடிகிறது. இந்த வருடம் விட்டால் இல்லை.

மார்ச் 11

நார்மன் நகரத்தில் ஏதோ மாநாட்டுக்குப் போயிருக்கிறான், வெள்ளிக்கிழமைதான் வருவான். அவன் மனைவி மேவிஸிடம் போய், மலைச்சரிவில் ஆடு இறக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஸ்வீப்பைத் தா என்று கேட்டேன். பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் முன்பே பழகியிருப்பேன்.

“தாராளமாக் கூட்டிட்டுப் போங்க அக்கா. இவதான் விடமாட்டா” என்றாள் மேவிஸ்.

கிர்ஸ்டி நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் மகள், என் ஞானஸ்நானக் குழந்தை, ஆறு வயது. ஸ்வீப் அவள் முகத்தை நெற்றியிலிருந்து முகவாய் வரை நக்கி முடித்திருந்தான்.

“அத்தே, நாளைக்கே திருப்பிக் குடுத்துடணும். அவன் இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது.” சொல்லிவிட்டு இருமினாள். போன குளிர்காலத்திலிருந்தே இருக்கிற இருமல் என்றாள் மேவிஸ்.

வெள்ளை விரலுக்குப் பூட் பாலிஷ் போட்டாகிவிட்டது. அப்பாவுடைய பழைய டப்பா.

மார்ச் 12

நடந்தது!

எல்லாரும் போன பிறகு, சாயங்காலக் கடைசி ஆளாகப் போனேன். திடலில் முளைக்கு ஒரு நாயாகக் கட்டி, மருந்து அதிகாரி ராவிரி ஒவ்வொன்றின் தொண்டையிலும் மருந்தை இறக்கினார். பிறகு காத்திருப்பது. நாய்கள் வெளிக்குப் போவதை நாற்காலி போட்டுப் பார்க்கும் ஒரே உத்தியோகம் இந்த நாட்டில் இவருடையதுதான். ஆனாலும் கண்ணியமான மனிதர், நாய்க்கு முன்னால் தொப்பியைக்கூடக் கழற்றுவார்.

“இந்த மருந்து ஏதோ பாக்குங்கிற காயிலேர்ந்து எடுக்கறதாம் எஃபியம்மா. சில ஊர்ல விருந்து முடிஞ்சதும் மனுஷங்களே அதை மென்னுக்கிட்டு உக்காந்து பேசுவாங்களாம்.”

நான் முளைகளைப் பார்த்தேன். அந்த ஊர் விருந்து எப்படி முடியுமோ என்று இருந்தது.

“ராய்!” என்று கூப்பிட்டார். ஸ்வீப் திரும்பவே இல்லை. “காது மந்தமா?” என்றார். “கர்வம்” என்றேன். பின்னங்காலைப் பிடித்தவர் விரலில் கறுப்பு. “என்ன இது?” “வேலிக்குத் தார் அடிச்சேன்.” தலையாட்டிவிட்டு சோதனைக்குக் கழிவை எடுத்த டப்பியில் ‘மன்ரோ, ராய்’ என்று எழுதி மூடினார்.

இருட்டுமுன் ஸ்வீப்பைக் கொண்டுபோய் விட்டேன். பாவம், கால் பின்னியது. மலை ஏறிய களைப்பு என்றேன்.

மார்ச் 14, சனி

முதலிடம். முதலிடம்!! ராய் ஐந்து ஆடுகளையும் ஒரு குரைப்பு இல்லாமல் கண்ணாலேயே பட்டிக்குள் கொண்டுபோய் நிறுத்தினான். கோப்பையை நார்மன் கையால் வாங்கினேன். எவனும் முதுகில் தட்டவில்லை.

மார்ச் 24

சோதனைக் கூடத்திலிருந்து கடிதம். ‘மன்ரோ, ராய்: நாடாப்புழு உறுதி.’

சமையலறையில் நின்றபடி நான்கு முறை படித்தேன். முதலில் வந்தது கோபம், என் நாயையா என்று. அடுத்துத்தான் உறைத்தது. இது என் நாயே இல்லை. ஊருக்கே புழுப் பாடம் நடத்துகிறவன் வீட்டு நாய்!

விழுந்து விழுந்து சிரித்தேன். கொஞ்ச நேரம்தான். யாரிடம் சொல்லிச் சிரிப்பது? சொன்னால் கோப்பை போச்சு, மானமும் போச்சு.

மார்ச் 25

நார்மன் வந்தான். தலைவன் என்ற முறையில். மேஜையில் படத்தை விரித்து வைத்தான். அதே பன்றி.

“எஃபி, உன்கிட்ட இதை நான் எதிர்பாக்கல. பச்சை ஈரல் போட்டியா?”

“போடல.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. புழு மட்டும் பொய் சொல்லாது.”

வெளியே அவன் வண்டியில் ஸ்வீப் உட்கார்ந்து என் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அவனைப் பார்த்தேன். இந்த அறையில் நடப்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மணி நேரம் பாடம் கேட்டேன். போகும்போது குழிக்கு மூடி போடும் விதத்தைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தான்.

மார்ச் 26

சொல்லவில்லை.

மார்ச் 27

இன்றும் சொல்லவில்லை. பெரிய வெள்ளி. கோவிலில் எனக்கு இருபுறமும் பெஞ்சு காலி.

மார்ச் 28, சனி

மண்டபத்தில் அறுவடை விருந்து. பெண்கள் வழக்கம்போல ஆளுக்கொரு தட்டு கொண்டுபோக வேண்டும். பாலாடைக்கட்டி போட்ட ஸ்கோன் ரொட்டி இருபத்துநாலு செய்தேன். எப்போதும் முதலில் காலியாவது என் தட்டு. இன்று மேஜையில் அது மட்டும் அப்படியே இருந்தது. என் கையில் புழு முட்டை ஒட்டியிருக்குமாம். “வயிறு நெறஞ்சிடுச்சு எஃபி” என்று ஒவ்வொருத்தியும் சொல்லிவிட்டுப் பக்கத்துத் தட்டிலிருந்து கேக் எடுத்தாள்.

கிர்ஸ்டி மட்டும் வந்து ஒன்று எடுத்தாள். பாதி கடித்திருப்பாள், நார்மன் ஓடிவந்து பிடுங்கினான். “போய்க் கையக் கழுவு, வாயக் கொப்புளி!” குழந்தை அழுதுகொண்டே வெளியே போனாள். படியில் ஸ்வீப் இருந்தான். அவள் உதட்டில் ஒட்டியிருந்த தூளை நக்கிச் சுத்தம் செய்தான். அவள் இருமினாள்.

நாலு நாளாக நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன்? கோப்பையை. தினமும் ராத்திரி அந்த நாய் யாரோடு படுக்கிறது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லையே. சீ, நான் ஒரு மனுஷியா?

மார்ச் 30, திங்கள்

சொல்லிவிட்டேன். நார்மன் வீட்டு முற்றத்தில், ராவிரியையும் கூட்டிப்போய் வைத்துக்கொண்டு. நாயை மாற்றியது, பாலிஷ், எல்லாம்.

நார்மன் முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது. “உன் நாய்க்கு வந்த புழுவை என் நாய் தலையில கட்டறியா? என் நாய் சுத்தம்னு சான்றிதழ் இருக்கு!”

“பூட் பாலிஷ் போட்டேன் நார்மன். ராவிரி கையிலகூட ஒட்டிச்சு. கேளு.”

ராவிரி தொப்பியைச் சுழற்றினார். “கறுப்பா இருந்தது நிஜம். தார்னு நீங்கதானேம்மா சொன்னீங்க.”

என் பொய் அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறது. உண்மையைச் சொன்னதும் அதைக் கேட்க ஆளில்லை.

“நார்மன், கோப்பைய எடுத்துக்க. என்னைத் தள்ளி வை. கிர்ஸ்டிய மட்டும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாரு.”

“என் கொழந்தைய இதுல இழுக்காத! போ வெளியே!”

நாற்பது வருடப் பழக்கத்தில் அவன் என்னைப் போ என்று சொன்னது இதுதான் முதல் தடவை. வேலி வரை நிமிர்ந்து நடந்தேன். வண்டியில் ஏறிய பிறகு அழுதேன்.

ஏப்ரல் 2

நார்மன் ஏற்பாட்டில் திடலில் ஊர் கூடியது. ராய், ஸ்வீப் இருவருக்கும் எல்லார் முன்னாலும் மருந்து. இந்த முறை நிஜ ராய். ராவிரி உருப்பெருக்கிக் கண்ணாடியை அங்கேயே வைத்துப் பார்த்தார். இரண்டும் சுத்தம்.

“பாத்தீங்களா? ஸ்வீப் அன்னிக்கும் சுத்தம், இன்னிக்கும் சுத்தம். எஃபியும் நம்ம சொன்னதைக் கேட்டு நடந்திருக்கா, ராயும் தேறிட்டான்” என்றான் நார்மன். கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் ராவிரியிடம் போய், எப்படிச் சுத்தம் என்று கேட்டேன்.

“மருந்து நல்லாப் பிடிச்சா புழுவும் சேந்து வெளிய வந்துடும்மா. போன தடவை வந்தது எந்த நாயோ, அந்த நாய் அன்னிக்கே கொணமாயிடுச்சு.”

ஆக, நார்மனின் நாயைக் குணப்படுத்தியதே நான்தான். அத்தாட்சியையும் அதோடு சேர்த்து வெளியேற்றிவிட்டேன்.

ஏப்ரல் 3

மேவிஸ் வந்தாள். நார்மன் இல்லாத நேரம் பார்த்து, வயல் வழியாக நடந்தே. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“அக்கா, அன்னிக்கு சாயங்காலம் நீங்க ஸ்வீப்பக் கொண்டாந்து விட்டீங்கல்ல? சமையக்கட்டெல்லாம் கழிஞ்சு வெச்சான். மூணு தடவை தரையக் கழுவினேன். அந்த வாடை எனக்குத் தெரியாதா? ஜனவரியில மருந்து குடுத்தப்போ வந்த அதே வாடை.”

“நார்மன்கிட்ட சொன்னியா?”

“எப்பிடிச் சொல்றது?” இப்போதுதான் உட்கார்ந்தாள். “அந்த மூடியத் தூக்க ரெண்டு ஆள் வேணும் அக்கா. ஒரு ஆள் எப்பவும் மூடியப் பத்திப் பேசக் கூட்டத்துக்குப் போயிடறாரு. வேலையாள் ஆடு அறுத்துக் குடுத்துட்டுப் போயிடுவான். நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? வாளியக் குழி ஓரமா வெச்சுட்டு வந்துடுவேன். காலைல பாத்தா வாளி காலி. காட்டுப் பூனை தின்னிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.”

அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? டீ போட்டேன். இருவரும் குடிக்கவில்லை.

“அக்கா, அவ இருமல்...”

“கெளம்பு. நான் வண்டி எடுக்கறேன்” என்றேன். தொலைபேசியில் கேட்டால், ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமைதான் வரச் சொன்னார்கள். ஆறு நாள்.

ஏப்ரல் 9, வியாழன்

நார்மனிடம் பல் டாக்டர் என்று சொல்லிவிட்டு டனீடின் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பொய்யில் நான்தான் அனுபவஸ்தி, நானே சொல்லிக் கொடுத்தேன்.

வலது நுரையீரலில். எலுமிச்சம்பழம் அளவு, வட்டமாக, ஓரம் கத்தரித்தாற்போல. ஆட்டில் ஆயிரம் பார்த்திருக்கிறேன். படத்தைத் தூக்கிப் பிடித்த உடனே தெரிந்துவிட்டது, டாக்டர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு மூன்று வருடமாக வளர்ந்திருக்கும் என்றார். உடைவதற்குள் எடுத்துவிட வேண்டுமாம், உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்தாம்.

கிர்ஸ்டி படத்தைப் பார்த்து, “எனக்குள்ள நிலா இருக்கு” என்றாள்.

மேவிஸ் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

ஏப்ரல் 12

எக்ஸ்ரே செய்தி பரவியதும் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ராய்தான் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறான். என் வீட்டுக்கு வந்து விளையாடுகிற குழந்தைதானே! கடைக்காரி என் சாமான்களைக் கல்லா மேஜையில் தள்ளிவைத்தாள், கை படாமல்.

மேவிஸ் அழுதாள், வாளி விஷயத்தை நார்மனிடம் சொல்லிவிடுகிறேன் என்று. ஆபரேஷன் முடியட்டும் என்றேன். இப்போது நார்மனுக்கு யார் மேலாவது கோபம் வேண்டும். என் மேல் இருந்துவிட்டுப் போகட்டும்.

இதை நல்ல மனசு என்று பின்னால் படித்து நானே ஏமாறக் கூடாது. புழுக் கடிதம் வந்தும் ஆறு நாள் வாய் திறக்காதவள் நான்.

ஏப்ரல் 21

காலை எட்டு மணிக்குக் கிர்ஸ்டியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். எனக்கு அங்கே இடமில்லை. நான்கு வேலிக் கம்பம் நட்டேன். நான்கும் கோணல்.

பிற்பகல் மூன்றுக்குத் தொலைபேசி. மேவிஸ். “முழுசா வந்துடுச்சு அக்கா. உடையல.”

கடவுளே. கடவுளே. கடவுளே.

மே 12, செவ்வாய்

மண்டபத்தில் வருடக் கூட்டம். போகக் கூடாதென்றுதான் இருந்தேன். மேவிஸ் ஆள் அனுப்பினாள், கட்டாயம் வரவேண்டும் என்று. கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்தேன்.

நார்மன் இளைத்திருந்தான். படம் மாட்டவில்லை. முன்வரிசையில் மேவிஸ் மடியில் கைவைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டில் பேசி முடித்திருக்கிறாள் என்று அவள் முதுகைப் பார்த்தே தெரிந்தது.

அவனுக்குப் பேச்சு வரும், அழுகை வராது. கூட்டக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தான். மூக்குக்கண்ணாடியைப் போட்டான். பட்ஜெட் வாசிப்பதுபோல வாசித்தான்:

“ஒண்ணு. பதிவேட்டுல திருத்தம். மார்ச் பன்னிரண்டு. ‘மன்ரோ, ராய், புழு உறுதி’ங்கிறத அடிச்சுட்டு, ‘டல்லக், ஸ்வீப், புழு உறுதி’ன்னு எழுதணும். கழிவுக் குழிக்கு ஒரு ஆள் தூக்க முடியாத மூடி போட்டது தலைவரோட தப்பு. இதையும் எழுதணும்.”

பக்கத்தைப் புரட்டினான்.

“ரெண்டு. தலைவர் ராஜினாமா.”

“மூணு. மருந்துத் திடலுக்கு வேற நாயக் கொண்டாந்த குத்தத்துக்காக எஃபி மன்ரோவுக்கு ரெண்டு வருஷம் போட்டியில தடை. கோப்பையத் திருப்பித் தரணும்.” கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தான். “விதி அப்படி. நான் எழுதினது இல்ல.”

“அதையும் நீதான் எழுதினே நார்மன்” என்றது பின்வரிசை. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

வழிமொழிபவர் யார் என்று கேட்டான். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு மாதம் என் நாயை வாய்க்கு வந்தபடி பேசியவர்கள், இப்போது என்னைத் தண்டிக்க வெட்கப்படுகிறார்கள். கடைசியில் நானே எழுந்து, “நான் வழிமொழியறேன்” என்றேன். குற்றவாளி வழிமொழியலாமா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினான். தடை ஒன்றும் இல்லை. எழுதிக்கொண்டான்.

முதலில் தூக்கியதும் என் கைதான்.

தடை முடியும்போது ராய்க்குப் பத்து வயது தாண்டியிருக்கும். இனி அவன் களத்தில் இறங்கமாட்டான். சரியாகத்தான் செய்தார்கள், ஆனால் வலிக்கிறது. ரொம்ப வலிக்கிறது.

தேநீருக்கு நிற்காமல் வண்டிக்குப் போய்விட்டேன். சாவியைத் திருப்புமுன் நார்மன் வந்தான். என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்து சன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு, இருக்கையில் உட்கார்ந்திருந்த ராயின் காதுக்குப் பின்னால் கையை வைத்தான்.

“மன்னிச்சுக்கடா” என்றான் நாயிடம். “உன் பேரைக் கெடுத்துட்டேன்.”

ராய் அவன் கையை நக்கப் போனான். நார்மன் கையை இழுக்கவில்லை. நக்கி முடித்ததும் என்னைப் பார்த்து, “உள்ள போய்க் கழுவிக்கறேன்” என்றான். “கழுவிக்க” என்றேன்.